வன்னிக் குளங்களில் நன்னீர் உயிரினக் கணக்கெடுப்பு: எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

மருதடி:
முல்லைத்தீவுப் பக்கம் ஒரு நடுத்தரக் குளம். கமக்கார அமைப்பும் ஊர் இளைஞர் கழகமும் சேர்ந்து பறவை, மீன், ஆமை, நீர்நாய் நான்கையும் ஐந்து வருடம் தொடர்ந்து கண்காணிக்க முடிவெடுத்திருக்கின்றன. கையில் இரண்டு பழைய தாள்கள் உண்டு. ஜனவரித் தாளில் நீர்க்காகம் 60, ஓகஸ்ட் தாளில் 410. நீர்க்காகம் பெருகிவிட்டது என்று இதை வைத்து எழுதலாமா? எங்கிருந்து தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.

அலைகரை:
எழுதவே கூடாது. அந்த இரண்டு தாளிலும் குளத்து நீர்மட்டம் குறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவற்றை ஒப்பிட வழியே இல்லை.

வன்னிக் குளம் ஒரே பரப்பில் நிற்பதில்லை. மாரியில் 300 ஹெக்டயரில் பரந்து கிடக்கும் குளம் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) தண்ணீர் விட்ட பிறகு 45 ஹெக்டயருக்குச் சுருங்கிவிடும். மீனெல்லாம் அந்த 45 ஹெக்டயருக்குள் நெருங்கும். சுற்றியுள்ள சிறுகுளங்கள் வற்றியதும் அங்கிருந்த பறவைகளும் இங்கே வந்து இறங்கும். ஓகஸ்டில் நீங்கள் எண்ணிய 410, அயலில் உள்ள பத்துக் குளங்களின் நீர்க்காகமாக இருக்கலாம். ஹெக்டயருக்கு எத்தனை என்று வகுத்தாலும் தப்ப முடியாது: ஜனவரிக்கு 0.2, ஓகஸ்டுக்கு 9 என்று வரும், வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடுங்கள், அதுவும் நீர்மட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் வருடங்களை மட்டும். மட்டம் வேறானால் அதையும் பகுப்பாய்வுக்குள் ஒரு காரணியாகக் கொண்டுவர வேண்டும்.

நீர்மட்டத்துக்குச் செலவில்லை. துருசடியில் (தண்ணீர் திறந்துவிடும் மதகடியில்) அடிக்கணக்குப் போட்ட அளவுகோல் இருக்கும். இரணைமடுவை 36 அடி என்று எல்லாரும் பேசுவது அந்த மாதிரி அளவுகோலின் கணக்குத்தான். கவனிக்க வேண்டியது, பூச்சியம் பெரும்பாலும் துருசு வாயின் அடிமட்டத்தில் இருக்கும். கோல் 0 காட்டும்போதும் அதற்குக் கீழே தண்ணீர் நிற்கும், மீனும் நிற்கும். எனவே 0 என்று எழுதினால் பக்கத்தில் எஞ்சிய நீர்ப்பரப்பையும் எழுதுங்கள்.

அளவுகோல் இல்லாத சிறுகுளத்துக்கு சென்ரினல்-2 செய்மதிப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்து நாளுக்கு ஒரு படம், ஒரு புள்ளி 10 மீற்றர். பச்சை அலைவரிசையையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்து நீர்ப்பரப்பைப் பிரிக்கலாம். இரண்டு இடத்தில் பிழைக்கும். மாரியில் முகில் மூடியிருக்கும், அப்போது ராடர் படமான சென்ரினல்-1 வேண்டும். தாமரையும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் மூடிய பகுதியைக் கணினி நிலம் என்றே எண்ணிவிடும். அந்தப் பகுதியைக் குளக்கட்டிலிருந்து பார்த்து கையால் வரைந்து சேர்க்க வேண்டும்.

துருசடி:
அலைகரை அண்ணை சொன்னதோட இன்னும் மூண்டு விசயம் எழுதுங்கோ. துருசு திறந்திருக்கோ, வான் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணி வழியிற இடம்) பாயுதோ, மீன்குஞ்சு எப்ப விட்டது. துருசு திறந்தால் மீன் வாயடிக்கு வரும், கொக்கும் பின்னால வரும். வான் பாய்ஞ்சால் குளத்து மீன் கீழ போகும், கீழ கிடந்தது ஏறப் பாக்கும். அந்தக் கிழமை வான் அடியில வலை வைச்சுப் போட்டு குளத்தில மீன் கூடிப் போச்செண்டு எழுதினால் அது பொய்க்கணக்கு. மீன்குஞ்சு விட்ட திகதி நன்னீர் மீன்பிடிச் சங்கத்தின்ர கொப்பியில இருக்கும், கேட்டால் தருவினம்.

கட்டுக்கரைக் குளம் மாதிரி அருவியாற்றுத் தண்ணியில நிரம்புற குளத்துக்கு உள்ளூர் மழைக்கணக்கு மட்டும் காணாது. தேக்கம் அணையால எவ்வளவு வருகுதெண்டதும் வேணும்.

வெண்கொக்கு:
பறவைக்கு என் பங்கு.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. உங்கள் ஜனவரி எண்ணும் நாளை அதோடு பொருத்திவிட்டால் தரவு ஊரோடு நின்றுவிடாது. இரண்டாவது முறையை ஓகஸ்டில், நீர் மிகக் குறைந்த காலத்தில் வையுங்கள். இரண்டையும் தனித்தனி வரிசையாகப் பேணுங்கள், கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம்.

விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கானல் எழும்பி, தொலைநோக்கியில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் ஒன்றாய்க் கரைந்து தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், ஆகவே காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். குளக்கட்டு மேற்கில் இருந்தால், கட்டில் நிற்கும் வசதிக்காக வெயிலுக்கு எதிரே பார்க்காதீர்கள்.

ஒரே இடத்திலிருந்து முழுக்குளமும் தெரியாது. மருதமரம், துருசு, பாலம் போன்ற அசையாத அடையாளங்களை எல்லையாக வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில் எண்ணுங்கள். எல்லை தாண்டிப் பறந்த கூட்டத்தை, பறந்த நேரம், திசை, இனத்தோடு எழுதினால் பிறகு இரட்டைக் கணக்கைக் கழிக்கலாம்.

பெரிய கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாய் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, பத்துப் பத்தாய் நகருங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சீழ்க்கைச் சிறகிக் கூட்டத்துக்கு நூறு நூறாய். இருவர் தனித்தனியே எண்ணி, இரண்டு எண்ணையும் தாளில் வைத்திருங்கள். ஒருவர் மற்றவரிடம் கேட்டுத் திருத்தினால் பிழையின் அளவு தெரியாமல் போய்விடும். தாமரை இலைக்குள் நிற்கும் தாழைக்கோழியும் தாமரைக்கோழியும் எப்போதும் குறைவாகத்தான் எண்ணப்படும். அவற்றுக்கு 'குறைந்தது' என்று குறியுங்கள்.

கூடு கட்டியிருக்கும் மரங்களுக்கு வள்ளத்தில் போகவே வேண்டாம். பாம்புத்தாராவும் மஞ்சள் மூக்கு நாரையும் எழும்பிவிட்டால் காகம் முட்டைக்கு வந்துவிடும், வெயில் குஞ்சைக் கொல்லும். கட்டிலிருந்து தொலைநோக்கியால் கூட்டை எண்ணினால் போதும்.

மன்னார்ப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு: 2010இல் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்கும் அயற்குளங்களுக்கும் இடையே பறவைகள் போய்வரும். ஒரே காலையில் எண்ணாவிட்டால் ஒரே கூட்டத்தை இரு இடத்திலும் எழுதிவிடுவீர்கள்.

மருதடி:
நன்றி அக்கா. மீனுக்கு என்ன வலை வாங்குவது? பல அளவுக் கண்ணறை (வலைக்கண்) கலந்த ஆய்வு வலை ஒன்றை ஒருவர் பரிந்துரைத்தார்.

துருசடி:
வலை வாங்க வேண்டாம். ஏற்கெனவே மீன்பிடிக்கிறவை ஒவ்வொரு இரவும் வலை போடினம். விடிய மீன் நிறுக்கிற இடத்தில மாதம் நாலு நாள் நிண்டு எழுதினால் உங்கட வலையை விடக் கூடின தரவு வரும், ஒரு மீனும் கூடுதலாச் சாகாது. ஒவ்வொரு வள்ளத்துக்கும் எழுத வேண்டியது: வலையின்ர மொத்த நீளம், கண்ணறை அளவு, எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு எடுத்தது, இனம் இனமா நிறை, ஒவ்வொரு இனத்திலயும் கைக்கு வந்த முப்பது மீனின்ர நீளம். பெரிசாத் தெரிவு செய்யாதேங்கோ, கூடையில மேல கிடக்கிறது எப்பவும் பெரிசு.

கணக்கு, 100 மீற்றர் வலைக்கு ஓர் இரவுக்கு எத்தனை கிலோ. 400 மீற்றர் வலையில 12 கிலோ எண்டால் 3. இன்னொரு வள்ளம் 800 மீற்றரில 16 கிலோ கொண்டு வந்தால் 2. கூடையைப் பாத்தால் இரண்டாவது பெரிசு, ஒரே நீள வலைக்குக் கணக்குப் பாத்தால் கூடப் பிடிச்சது முதலாவது.

பிடி இல்லாமல் வந்த வள்ளத்தையும் எழுத வேணும். பூச்சியத்தை விட்டால் சராசரி ஏறிப் போகும். நிலவு காலத்தில பிடி குறையும், அதால ஒவ்வொரு மாதமும் நிலவில இரண்டு நாள், இருட்டில இரண்டு நாள்.

பாலியாற்றுக்கரை:
துருசடி அண்ணையின் முறை பெரிய மீனுக்கு மட்டும் பொருந்தும். குளத்தில் சட்டப்படி போடக்கூடிய வலையின் கண்ணறை 8.5 செ.மீக்குக் குறையக் கூடாது. அதில் யப்பான் மீனும் (திலாப்பியா) கட்லாவும் றோகுவும் விராலும் படும். பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் நமக்கு முக்கியமான சின்னக் கெண்டை வகைகள் ஒன்றும் படாது. நிறுக்கும் இடத்துக் கணக்கை மட்டும் பார்த்தால், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் கதைதான் வரும், சுதேச மீனின் கதை வராது.

அதற்கு அலைகரையில், அதாவது குளத்து நீர் விளிம்புக் கரையில், அத்தாங்கு (கைவலை) போடுங்கள். கண்ணறை 3 மி.மீ, வாய் 40 செ.மீ. சம்பு, தாமரை, வெறும் மணல், மூழ்கிய மரவேர் என்று நான்கு வகை வாழிடத்திலும் ஐந்து இடம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மீற்றர் நீள இழுப்பு நான்கு. இழுப்பின் எண்ணிக்கை எப்போதும் மாறக் கூடாது. மீன் நிறைய வருகிறது என்று கூட இழுப்பதும், ஒன்றும் வரவில்லை என்று பாதியில் விடுவதும் தரவைக் கெடுக்கும்.

பிடித்த மீனை நிழலில் வைத்த வாளியில் விடுங்கள். பத்து நிமிடத்துக்கொருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். வன்னி வெயிலில் ஐந்து லீற்றர் வாளி மிக விரைவில் சூடேறும், சூடான நீரில் ஒட்சிசன் நிற்காது. கையை நனைக்காமல் தொடாதீர்கள், காய்ந்த கை மீனின் சளிப்படலத்தை உரித்துவிடும். இடப்பக்கம் தெரியப் படுக்கவைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், உடனே தண்ணீரில். கெளிற்றின் முள் வலையில் சிக்கினால் மீனை இழுக்காமல் நூலை வெட்டுங்கள்.

சூழல் டி.என்.ஏ. பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். தண்ணீரை வடித்து அதிலுள்ள டி.என்.ஏயைப் பார்த்து இனம் சொல்லும் முறை நல்ல முறை. வலையில் படாத விலாங்கு, நீர்நாய் எல்லாம் தெரியவரும். ஓரிடத்தில் ஒரு லீற்றர், மூன்று மாதிரி. குளத்துக்குள் கால் வைக்கும் முன்பே எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று மாதிரி, அதாவது கொண்டுபோன சுத்தமான நீரை அதே கருவியால் வடித்தது. அதில் மீன் டி.என்.ஏ. வந்தால் அன்றைய மாதிரி எல்லாம் குப்பை.

அலைகரை:
பாலியாற்றுக்கரை தம்பி, முறை நல்லதுதான், ஆனால் நம் குளத்தில் மூன்று இடத்தில் உதைக்கும். ஒன்று, கலங்கல். 0.45 மைக்ரோமீற்றர் வடிதாள் வன்னிக் குளத்து நீரில் அரை லீற்றர் போகுமுன்பே அடைத்துவிடும், பெரிய துளை வடிதாளுக்கு மாற வேண்டும், எவ்வளவு நீர் வடிந்தது என்பதை எழுத வேண்டும். இரண்டு, வெப்பமும் வெயிலும் டி.என்.ஏயை வேகமாய்ச் சிதைக்கும். வடிதாளை அதே இடத்தில் எதனோலில் போடாமல் பையில் கொண்டுவந்தால் வீண். மூன்று, குளக்கரையில் மீன் கழுவுவது. கடல்மீன் கழுவிய தண்ணீர் கலந்த இடத்தில் மாதிரி எடுத்தால் குளத்தில் கடல்மீன் இருப்பதாக ஆய்வுகூடம் பதில் அனுப்பும். ஒரு மாதிரிக்கு ஆகும் காசில் அத்தாங்கு வேலையை ஒரு பருவம் முழுக்கச் செய்யலாம். முதல் வருடம் அத்தாங்கு, நிறுக்கும் இடம் இரண்டும் போதும் என்பது என் முடிவு.

பாலியாற்றுக்கரை:
முதல் வருடத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். நீர்நாய்க்கு மட்டும் அதை வைத்திருப்போம் என்று கேட்கிறேன்.

கனகராயன்கரை:
நீர்நாய்க்கும் முதலில் அது தேவையில்லை. இலங்கையில் இருப்பது ஒரே இனம், யூரேசிய நீர்நாய். அதன் எச்சமே ஆளைச் சொல்லிவிடும்.

கரையோரம் 600 மீற்றர் நடப்பது வழக்கமான அளவு. பார்க்க வேண்டிய இடம்: வான் அடியில் துருத்திய கல், மதகுக் குழாயின் வாய், வாய்க்கால் குளத்தில் சேரும் முனை, வேர் மேடு. ஒரே கல்லில் திரும்பத் திரும்ப இடும். புதிய எச்சம் கறுப்பாய், பசையாய் இருக்கும், காய்ந்தால் சாம்பலாகி உதிரும். விரலால் நசுக்கினால் உள்ளே மீன்செதிலும் சிறு முள்ளும் நண்டோடும்தான், மாவு மாதிரி எதுவும் இருக்காது. மணம் மீன்வாடையோடு ஒருவித இனிப்புக் கலந்தது, நாய் எச்சத்தின் நாற்றம் கிடையாது. அந்தச் செதிலைக் காகித உறையில் போட்டுக் காயவைத்தால், நீர்நாய் எந்த மீனைத் தின்கிறது என்றும் பார்க்கலாம். பொலித்தீனில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பெருமழைக்குப் பிறகு ஒரு கிழமை விட்டுத்தான் போக வேண்டும், மழை கழுவிய கரையில் 'இல்லை' என்று எழுதுவதில் பொருளில்லை. எச்சத்தின் எண்ணிக்கை நீர்நாயின் எண்ணிக்கை ஆகாது. 600 மீற்றரில் உண்டு, இல்லை என்பது மட்டும்தான் தரவு.

தானியங்கிக் கமராவில் ஒரு சிக்கல் உண்டு. அதன் உணரி உடல் வெப்பத்துக்கும் சூழல் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. தண்ணீரிலிருந்து ஏறும் நீர்நாயின் மயிர் நனைந்து குளிர்ந்திருக்கும், உணரி விழிக்காது. அதனால் கமராவை நீர் விளிம்பில் கட்டாமல், எச்சம் இடும் கல்லை நோக்கி, அது சற்று நின்று திரும்பும் இடத்தில், தரையிலிருந்து 40 செ.மீ உயரத்தில் கட்டுங்கள். பகலில் தண்ணீரின் பளபளப்பு வெற்றுப் படங்களால் அட்டையை நிரப்பும், வடக்கே பார்க்க வையுங்கள். பெட்டியின் விளிம்பில் எறும்பு கூடு வைக்கும், கட்டும் நாடாவில் கிறீஸ் தடவினால் ஏறாது.

ஆமை. காராமையும் பாலாமையும் சட்டத்தால் காக்கப்பட்டவை. பொறி வைக்க, அடையாளமிட, ஏன் கையால் தூக்கக்கூட வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதி வரும்வரை, காலை எட்டிலிருந்து பதினொரு மணிவரை, மரத்தண்டில் வெயில் காயும் ஆமையைத் தொலைநோக்கியால் எண்ணுங்கள்.

அனுமதி வந்தபிறகு வளையப்பொறி. வளையம் 70 செ.மீ விட்டம், நீளம் ஒன்றரை மீற்றர், கண்ணறை இரண்டரை செ.மீ, ஒரு முனையில் புனல் வாய். உள்ளே மூடி இறுக்கிய இரண்டு லீற்றர் வெற்றுப் போத்தல் இரண்டு கட்டுங்கள். மூன்றிலொரு பங்கு நீருக்கு மேலே நிற்க வேண்டும். அந்தக் காற்றிடம் இல்லாவிட்டால் ஆமை மூச்சுமுட்டிச் சாகும். இரவு மழை கொட்டிக் குளம் ஓர் அடி ஏறினால், கட்டைக்குக் கட்டிய பொறி முழுகிவிடும். அதனால் ஐப்பசி முதல் மார்கழி வரை இரவில் பொறி வேண்டாம், மற்ற மாதங்களிலும் கயிற்றை ஓர் அடி தொய்வாக விட்டுக் கட்டுங்கள். ஆறு மணிக்கொரு தடவை பாருங்கள். முதலை உள்ள இடத்தில் மீன் இரை வைத்த பொறி ஆமைக்கும் ஆளுக்கும் ஆபத்து.

காராமைக்கு ஓட்டின் விளிம்புத் தகட்டில் சிறு வெட்டுப் போடலாம், பாலாமைக்கு அது முடியாது, மேலே தோல் மூடியிருக்கும். எண்ணிக்கைக்கு இப்படி: முதல் முறை 40 ஆமைக்கு அடையாளம், அடுத்த முறை பிடிபட்ட 36இல் 8 அடையாளமிட்டவை என்றால், மூன்று எண்ணோடும் ஒவ்வொன்று கூட்டி, 41ஐ 37ஆல் பெருக்கி 9ஆல் வகுத்து ஒன்றைக் கழியுங்கள், சுமார் 168. இரண்டு முறைக்கும் இடையே குளம் பாதி வற்றினால் இந்தக் கணக்கு நிற்காது. திரும்பவும் நீர்மட்டம்தான்.

பாலாமையை இறைச்சிக்குப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பொறி வைத்த இடத்தின் ஆள்கூற்றை முகநூலிலோ வொட்சப் குழுவிலோ போடாதீர்கள்.

துருசடி:
உயிர்க்காப்பை ஒருத்தரும் சொல்லேல்லை. அலைகரையில புதுப் பாதை வெட்டாதேங்கோ. மாடு போற தடம், கமக்காரர் போற தடம், அதுதான் பாதை. மிதிவெடிப் பலகையோ சிவப்புக் கம்போ கண்டால் வந்த தடத்தால திரும்புங்கோ, அகற்றினதாச் சொன்ன நிலத்திலயும் வெள்ளம் அரிச்ச கரையைத் தோண்டக் கூடாது. சந்தேகமான பொருளைத் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கோ. அந்தியில யானை தண்ணிக்கு வரும், ஐஞ்சு மணிக்கு முன்னம் அலைகரையை விட்டு வெளிக்கிடுங்கோ. முதலை எண்ணுறது திணைக்கள ஆக்களோட, கட்டில நிண்டு, நிலவில்லாத இரவில, ரோச்சைக் கண்மட்டத்தில பிடிச்சு. கண் செம்மஞ்சளா மின்னும். சின்ன வள்ளத்தில இறங்க வேண்டாம்.

ஒரு குளத்து வலையை அடுத்த குளத்தில போடுறதெண்டால் இரண்டு நாள் வெயிலில காய வையுங்கோ. சல்வீனியா பரவ ஒரு துண்டு போதும்.

மருதடி:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஒரு சிறுகுளத்தில் செப்டெம்பரில் அத்தாங்கு போட்டு ஒரு சுதேச மீனும் வராவிட்டால் 'அழிந்துவிட்டது' என்று பதியலாமா?

அலைகரை:
செப்டெம்பரில் அந்தக் குளம் சேறாகியிருக்கும். விரால் ஈரச் சேற்றிலும் மடுவிலும் தாக்குப்பிடிக்கும், மற்றவை மாரியில் மேற்குளம் வான் பாயும்போது வாய்க்கால் வழியே திரும்ப வந்து சேரும். சிறுகுளத்தை ஜனவரி, பெப்ரவரியில் பாருங்கள்.

அப்போதும் ஒருமுறை பார்த்தது போதாது. ஒரு மீன் குளத்தில் இருந்தும், ஒரு தடவையில் கண்ணில் படும் வாய்ப்பு பத்துக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை போயும் காணாமல் விடும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, ஏறத்தாழ 22 வீதம். ஐந்து தடவை போனால் 8 வீதத்துக்கு இறங்கும். ஆகவே தாளில் 'இல்லை' என்ற பத்தியே வேண்டாம். 'காணவில்லை, இத்தனை தடவை, இத்தனை இழுப்பு, நீர்மட்டம் இவ்வளவு' என்று எழுதுங்கள்.

தாளின் மேல்வரி எல்லா உயிரினத்துக்கும் ஒன்றாய் இருக்கட்டும்: திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நீர்மட்டம், துருசு திறப்பா பூட்டா, வான், மூன்று நாள் மழை, காற்று, எண்ணியவர் பெயர். இடக்குறிப்பைக் கைத்தொலைபேசியின் டபிள்யூ.ஜி.எஸ்.84 முறையிலேயே எழுதுங்கள். நீர்ப்பாசன வரைபடம் இலங்கையின் சொந்த ஆள்கூற்று முறையில் இருக்கும். இரண்டையும் மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் புள்ளிகள் குளத்தில் விழாது.

துருசடி:
மருதடி தம்பி, தொடங்க முதல் துருசடி அளவுகோலைப் போய்ப் பாருங்கோ. கீழ் நாலடி பாசி பிடிச்சு எண் தெரியாது. தண்ணி இறங்கின பிறகு தேங்காய்த்தும்பால உரஞ்சிப் போட்டு, நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தரிட்டச் சொல்லி எண்ணைப் புதிசா அடிப்பியுங்கோ. நீங்களா அடிக்காதேங்கோ, பூச்சியம் அரை அடி தவறினாலும் பழைய தாளெல்லாம் பிழைச்சுப் போகும்.